இந்துப்பு

ஐப்பசி 6, வியாழன்

செண்பகவடிவு என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், காலையில் எடை எவ்வளவு என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என் மகள் முத்துச்செல்விக்கு மின்வாரிய ஆபீசுக்கு ஓடவே பொழுது சரியாக இருக்கிறது. நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது, அதை என் கையில் திணித்துவிட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. கோணல்மாணலாகத்தான் வரும். சாப்பாட்டுக் கணக்கை முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன், என் மனசில் இருப்பதை யாரும் புரட்டாத பின்பக்கத்திலிருந்து.

செண்பகவடிவு என் சம்பந்தி. முத்துச்செல்வியின் மாமியார். கல்லீரல் சுருங்கிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் வயிற்றில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. பல வருஷத்துச் சர்க்கரையும் ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை என்று டாக்டர் சொன்னாராம். தெருவில் அப்படியா பேசுவார்கள்.

சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று மகள் அழுதாள். சங்கரன்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். மகளுக்காக வந்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டர் சொன்ன முதல் விஷயம் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது. கேட்டதும் எனக்கு மகள் கல்யாணத்து முதல் பந்திதான் கண்முன் வந்து நின்றது. பதினாலு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையின் அம்மா என்று நடு இலையில் உட்கார்ந்திருந்தாள். அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டு. ஒரு வாய் வைத்தாள். "சாம்பார்ல உப்பு இல்ல" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. பக்கத்து இலையில் அவள் நாத்தனார் சிரித்தாள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து, குனிந்து குனிந்து இலை இலையாக வைத்துக்கொண்டு போனார். மகளைப் பெற்றவர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இப்போது அவர் இல்லை. நான் இருக்கிறேன், எனக்கு மறதி கிடையாது.

ஐப்பசி 7, வெள்ளி

காலை இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, பால். எல்லாம் உப்பில்லாமல்.

அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மதினி, இந்தச் சட்னில..."

"உப்பு இல்ல" என்றேன், அவள் முடிப்பதற்குள்.

"அதில்ல. காரம் கொஞ்சம் கூடன்னு சொல்ல வந்தேன்."

மத்தியானம் நான் சோற்றுக்கு மாவடு வைத்துக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்துதான் கடித்தேன். இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேறு இடமில்லை.

ஐப்பசி 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண்ணின் பெயர் பிளெஸ்ஸி. என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், அவ்வளவுதான். முட்டை வெள்ளை, பருப்பு, பால், தயிர், கோழி என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"ஈரல் நோவுக்குப் பருப்பு ஆகாதேம்மா. எங்க ஊர்ல காமாலைன்னா எண்ணெய் காட்ட மாட்டோம், பருப்பு காட்ட மாட்டோம். கஞ்சிதான்" என்றேன்.

அவள் செண்பகவடிவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தோல் தொங்கியது. "இங்க சதை எங்கம்மா? ஈரல் வேலை செய்யாதப்ப, நாம சாப்பாடு கொடுக்கலன்னா உடம்பு இந்தச் சதையைத்தான் எடுத்துச் செலவு பண்ணும். பட்டினியே ஆகாது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க. படுக்கப் போறதுக்கு முன்னால கட்டாயம் ஏதாவது கொடுங்க. விடிஞ்சதும் கொடுங்க. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் எதுவும் இப்ப வேண்டாம்."

உப்புக்கு ஒரு அளவு சொன்னாள். நாள் முழுக்க, எல்லாச் சமையலுக்கும் சேர்த்து அரை டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் கண்ணில் படக்கூடாது.

செண்பகவடிவு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தையில எம் சின்ன மகன் கல்யாணம். பந்தியில உக்காருவனா?"

"நீர் கோக்காம இருந்து, சாப்பிட்டுக் கொஞ்சம் சதையும் பிடிச்சா உக்காரலாம்மா. அது சமைக்கிறவங்க கையில இருக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அரை டீஸ்பூன் போடலாமாம். நான் போடவில்லை. கூடிக் குறைந்தால் யார் பதில் சொல்வது. இல்லாமலே இருக்கட்டும்.

ஐப்பசி 15, சனி

முட்டை வெள்ளை இரண்டு. பாசிப்பருப்புக் கஞ்சி. மாலை சுண்டல். பேச்சில்லை.

ஐப்பசி 21, வெள்ளி

காலை ஐந்தரைக்கே எழுப்பிக் கஞ்சி கொடுத்தேன். விளக்கேற்றுவதற்கு முன்னால் வாயில் எதுவும் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"பெரியவ இருக்கும்போதே, பல்லு தேய்ச்சதும் முதல் ஆளாத் தின்னா, எங்க மாமியா இருந்தா கரண்டிக்காம்பால அடிப்பா" என்றாள்.

"ஒங்க மாமியா இல்ல. நான் இருக்கேன். குடிங்க."

சிரித்தாள். அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். முன்பல்லில் ஒன்று லேசாக உள்ளே மடங்கியிருக்கிறது. முத்துச்செல்வியின் மகளுக்கும் அதே பல்.

ஐப்பசி 28, வெள்ளி

தனித்தனியாக இரண்டு சமையல் செய்யக் கை ஓயவில்லை. ஆகவே நானும் அவள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறேன். இதில் வேறு ஒன்றும் இல்லை. மாவடு ஜாடியை மகள் பரணில் ஏற்றிவிட்டாள்.

கார்த்திகை 5, வெள்ளி

கால் வீக்கம் வற்றிவிட்டது. இன்றைக்குச் செருப்பு மாட்டினாள். மாட்டிக்கொண்டு வாசல் வரை போய், தெருமுனை வரை போய், திரும்பி வந்தாள். எதிர்வீட்டு அம்மாள் பால் பாக்கெட்டும் கையுமாக வாயைப் பிளந்து நின்றாள்.

மருமகன் இசக்கிராஜா கல்யாணச் சேலையை இப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டார். தையல்காரி வந்து ரவிக்கைக்கு அளவெடுத்தாள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பு எலும்பு தட்டுப்பட்டது.

"மதினி, ஒங்க கைப்பக்குவத்துலதான் எந்திரிச்சு நடக்கேன்" என்றாள் என் மகள் காதில் விழும்படி.

பத்துப் பேர் கேட்கும்படி சொல்லத் தெரிந்த வாய்தானே.

கார்த்திகை 14, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. ஒரு இட்லியில் பாதி. பருப்பைத் தொடவில்லை. முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன், மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துத் தூவிப் பார்த்தேன், கொத்தமல்லித் துவையல் அரைத்தேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடி பாதி இட்லி.

"வைக்கோலத் தின்ன மாதிரி இருக்கு. மாடா இருந்தாக்கூடத் தவிட்டுல ஒரு கல்லு உப்பு போடுவாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கார்த்திகை 17, புதன்

எடை குறைகிறது. முழங்கைத் தோல் மறுபடி தொங்குகிறது. கல்யாணத்துக்கு இரண்டு மாசம்கூட இல்லை. அடுப்படியில் நிற்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சின்ன மகன் மாரிச்செல்வத்தின் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கார்த்திகை 18, வியாழன்

நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சுக்கு வாங்கப் போன இடத்தில் இந்துப்பு ஞாபகம் வந்தது. இளஞ்சிவப்புக் கட்டி. என் அம்மா பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோற்றில் இதைத்தான் பொடித்துப் போடுவாள். கடைக்காரரும், "இது ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு உள்ளதும்மா, மருந்து மாதிரி" என்றார். பாறையில் வெட்டி எடுப்பது. கடல் உப்பு இல்லை. டாக்டர் வேண்டாம் என்றது கடல் உப்பைத்தானே.

வீட்டுக்கு வந்து உரலில் தட்டினேன். ரசத்தில் போட்டேன். பருப்பிலும் போட்டேன்.

அவள் முதல் வாயில் கையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் மோரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்றும் பேசாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டாள்.

பதினாலு வருஷத்தில் இந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஒருநாள் குறைந்தது என்றால் இன்றைக்குத்தான்.

கார்த்திகை 24, புதன்

இட்லி மூன்று. மத்தியானம் கோழிக்குழம்பு, சோறு, கீரை. மாலை சுண்டல் முழுக் கிண்ணம். படுக்கும்போது கேழ்வரகுக் கூழ். எல்லாம் காலி.

சாப்பிட்டால் பேச்சும் வருகிறது. புருஷன் செத்தபோது மாரிச்செல்வம் கைப்பிள்ளையாம். பீடிக் கடையில் இலை வெட்டி இரண்டு பையன்களையும் படிக்க வைத்தாளாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து நானும் கேட்டுவிட்டேன். "நம்ம பிள்ளைக கல்யாணத்துல, மொத பந்தியில, சாம்பார்ல உப்பு இல்லன்னு சொன்னீங்கள்ல மதினி."

"நானா? அப்படியா சொன்னேன்? எனக்கு எதுவும் ஞாபகம் இல்லையே."

கூழ்க் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். "ஆனா எம் நாக்கு பொல்லாத நாக்கு. ஒரு கல்லு உப்பு கூடுனாலும் தெரியும், குறைஞ்சாலும் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஏமாந்ததில்ல."

நான் இத்தனை வருஷம் சுமந்ததை இவள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. இரண்டு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்கழி 3, வியாழன்

எடை ஏறுகிறது. சதை பிடிக்கிறது. டைரியில் முன்பக்கத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன். மகளிடமும் காட்டினேன். "எம்மா, நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்றாள். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று ஏன் எழுத வேண்டும்.

மார்கழி 9, புதன்

செருப்பு மாட்ட முடியவில்லை.

மார்கழி 10, வியாழன்

தையல்காரி ரவிக்கை கொண்டுவந்தாள். வயிற்றுப்பக்கம் கொக்கி எட்டவில்லை. அளவு சரியாகத்தான் எடுத்தேன் என்று அவள் சத்தம் போட்டாள். நான் செண்பகவடிவின் காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

முத்துச்செல்வி பரணில் ஏறி மாவடு ஜாடியைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த பாலித்தீன் கவரையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் தேடினாள். நானும் கேட்டேன், "ஊறுகாய் எடுத்துத் தின்னீங்களா மதினி? நெசத்தச் சொல்லுங்க" என்று. கொஞ்சம் வேகமாகத்தான் கேட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி 12, சனி

ஆஸ்பத்திரி. மகளும் மருமகனும் லீவு போட்டு வந்தார்கள். பிளெஸ்ஸி டைரியின் முன்பக்கத்துக் கணக்கைப் படித்தாள். உப்பில்லாத இட்லி, உப்பில்லாத சட்னி என்று நான் எழுதியதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அரை டீஸ்பூன் போடச் சொன்னேனேம்மா. ஒண்ணுமே போடாம இருந்தா சாப்பாடு எப்படி இறங்கும்? சாப்பாடு குறையக் கூடாதுன்னுதான் அளவே தந்தேன்."

டைரியை மூடி என்னிடம் நீட்டினாள்.

"சரி, இப்ப எப்படி நீர் சேர்ந்துது? உப்புக்குப் பதிலா வேற ஏதாவது போடுறீங்களா? சிலபேர் இந்துப்பு போடுறாங்க. அது மருந்துன்னு நினைச்சிக்கிறாங்க. அதுவும் உப்புதான், அதே சோடியம்தான்."

சொல்லத்தான் வந்தேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செண்பகவடிவு பேசிவிட்டாள்.

"நாந்தான். ஊறுகாய் எடுத்துத் தின்னேன். நாக்கு கேக்கல."

மருமகன் எழுந்து நின்றுவிட்டார். "எம்மா, ஒனக்கு அறிவிருக்கா? அத்தை ஊரு வீட்டப் பூட்டிப் போட்டுட்டு வந்து ஒனக்கு வடிச்சுக் கொட்டுதாங்க. நீ இந்த வயசுல திருடித் திங்கியா?" வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் பையில் தண்ணீர்ப் பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மகளும் மருமகனும் பைக்கில் போய்விட்டார்கள், ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். "மதினி, அந்த இந்துப்பு..." என்றேன்.

"என்ன இந்துப்பு? எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்குக் கூழ்க் கிண்ணத்தைத் துடைத்தபடி சொன்ன அதே குரல்.

கொஞ்ச தூரம் போனதும், "ஒங்க மக எம் வீட்டு மருமக. அவ முன்னால ஒங்களக் குத்தவாளியா நிறுத்தச் சொல்லுதீங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இருந்த இந்துப்பைச் சாக்கடையில் கொட்டினேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்கழி 13, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அவள் மாமியாரைத் திட்டிக்கொண்டே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிற மாதிரி இருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழி 14, திங்கள்

சொல்லவில்லை.

மார்கழி 25, வெள்ளி

நீர் எடுத்தார்கள். மறுபடி சேர்ந்தது. இப்போது அதில் கிருமி பிடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நான்தான் கூட இருக்கிறேன். கையை நீட்டச் சொன்னால் கை பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொள்கிறது. பகலில் தூங்குகிறாள். என்னை அவள் மாமியார் என்று நினைத்துக்கொண்டு, "வெளக்கேத்திட்டுத்தான் சாப்பிடுவேன்" என்கிறாள்.

"ஏத்தியாச்சு. குடி" என்று ஸ்பூனை வாயில் வைத்தேன். ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கிறதாம், மருந்து கொடுத்து வயிறு கழிந்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள்.

தை 3, சனி

தெளிந்துவிட்டாள். எழுந்து உட்காரத்தான் பலமில்லை. தொடை இரண்டும் என் கைப்பிடிக்குள் அடங்குகின்றன.

மாரிச்செல்வம் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றான். "தள்ளி வைச்சா நான் இருப்பேன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "மதினி, எம் எலையில நீங்க உக்காருங்க. என்னென்ன போட்டாங்க, எப்படிப் போட்டாங்கன்னு வந்து சொல்லணும். நெசத்தச் சொல்லணும்."

தை 15, வியாழன்

கடையநல்லூரில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் மகள் இருந்துகொண்டாள்.

முதல் பந்தியில் நடு இலையில் என்னை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய இலை. பொரியல், கூட்டு, பச்சடி, அப்பளம், பருப்பு, சாம்பார். பெண்ணின் அம்மா என் எதிரிலேயே நின்றாள். கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா வாளி தூக்குகிற பையன்களை விரட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வேட்டி நுனியில் சாம்பார் சிந்தியிருந்தது.

நான் ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது. தொண்டை வரை கரித்தது. மற்ற இலைகளைப் பார்த்தேன். எல்லோரும் அள்ளி அள்ளித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்கழியிலிருந்து மறுபடி உப்புக் காட்டாமல் அவளோடு சாப்பிட்டு என் நாக்குதான் மாறிப்போயிருக்கிறது.

"மதினி, சாம்பார் எப்படி இருக்கு?" என்று பெண்ணின் அம்மா கேட்டாள். பக்கத்து இலைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து குனிந்து போனது ஒரு நிமிஷம் கண்ணில் வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். முழுவதும் சாப்பிட்டேன். பெண்ணின் அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தை 16, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழித்துத்தான் இருந்தாள். மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகளுக்கு யார் தாலி முடிந்தார்கள், மாரிச்செல்வம் அழுதானா, சேலை எந்தக் கலர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். கடைசியில் கேட்டாள்.

"சாப்பாடு?"

"என்னத்தச் சொல்ல. சாம்பார்ல உப்பு இல்ல."

அவள் கண் விரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் தெரிந்தது. "அப்ப போகாததுல நான் எதையும் விடல."

"ஒண்ணையும் விடல."

சிரிப்பு அடங்கியது. "பந்தியில சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஒங்ககிட்டதான் சொல்லுதேன்."

"நல்லது" என்றாள். "சொல்லக் கூடாது மதினி. பொண்ணப் பெத்தவங்க பாவம்."

நான் அவள் கையை விடவில்லை. அவள் தூங்கிப்போனாள்.

இன்றைக்கு: பால் இரண்டு வாய். முட்டை வெள்ளை ஒரு விள்ளல். மற்றது இறங்கவில்லை.

தை 17, சனி

விடிந்ததும் வீட்டுக்கு வந்து பாசிப்பருப்புக் கஞ்சி வைத்தேன். உப்பு டப்பாவைத் திறந்தேன். கடல் உப்புதான். அரை டீஸ்பூன் எடுத்து, மேலே நின்றதை விரலால் வழித்துவிட்டேன். நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். அதிலும் பாதியைத்தான் கஞ்சியில் போட்டேன், மீதியை மத்தியானத்துக்கு மடித்து வைத்தேன். ஐப்பசியில் அந்தப் பெண் சொன்ன அளவு.

ருசி பார்த்தேன். சரியாக இருந்தது.

தூக்குவாளியில் ஊற்றி மூடும்போது மகள் வந்து நின்றாள். "எம்மா, அவங்க இனிமே சாப்பிட மாட்டாங்கம்மா. டாக்டர் எங்கிட்டச் சொல்லிட்டாரு."

"அவளுக்கு உப்பு தெரியும்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.